கொரியாக்காரருக்காக வெள்ளையடித்த தோட்டம்

போன வாரம், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் மூன்று பேர் என் வீடு தேடி வந்தீர்கள். வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவரை நம் பக்கத்துக்கு அழைத்து வந்தால் முதலில் எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று கேட்டீர்கள். நான் பால் இல்லாத பிளேன்டீ கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி உங்களை அனுப்பிவிட்டேன். கேள்வி பிடிக்காமல் அல்ல. ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் என் மானம் போகும், அதுவும் மனைவி கேட்டுக்கொண்டிருக்கும்போது. எழுதினால் அந்தப் பயம் இல்லை. என் கையெழுத்தை அவள் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் பொறுமையாகப் படித்ததில்லை.

காட்டுவதில் நான் கெட்டிக்காரன். ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன். தமிழ் வீட்டில், சிங்களம் பலாங்கொடைக் கடைத்தெருவில், ஆங்கிலம் அடி வாங்கிப் பள்ளிக்கூடத்தில் என்று மூன்று மொழியும் கைவசம் இருந்ததால்தான் இந்த உத்தியோகமே கிடைத்தது. கேகாலையில் எங்கள் முதலீட்டு ஊக்குவிப்பு அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். வெளிநாட்டுக்காரர் யாராவது தோட்டப் பக்கம் போக வேண்டும் என்றால் எல்லோரும் என் மேசையைத்தான் பார்ப்பார்கள். நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு ஜெர்மன்காரருக்குக் கொழும்பிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாகும் என்று கவலை. நான் அவரை ஒரு போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறைக் காலையில் கூட்டி வந்தேன். கடைகள் பூட்டிக் கிடந்தன, வீதியில் லொறி ஒன்றும் இல்லை, வேன் வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. மனிதர் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த திங்கட்கிழமை அவர் எனக்குச் சொல்லாமல் தனியாக ஒரு தடவை வந்து பார்த்திருக்கிறார். அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை மட்டும் வந்தது. அதிலிருந்தாவது நான் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. அடுத்த தடவை திங்கட்கிழமையையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கொரியாக்காரர் வந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் தடித்த கையுறைகளைத் தைத்து ஏற்றுமதி செய்பவர் அவர். அப்போது நம் தோட்டங்களில் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று படித்துவிட்டு, தேயிலைக் கொழுந்து எடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் மனமில்லாமல் ஒரு தலைமுறை லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். பெண்கள் அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். ஒரு தொழிற்சாலை வந்தால் நூற்றுச்சொச்சம் பேராவது பொழுது சாய்ந்ததும் சொந்த வீட்டுக்குத் திரும்பலாம்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் தொழிற்சாலை ஒன்று மூடிக் கிடந்தது. பெரிய கட்டடம், கருங்கல் சுவர். தோட்டக் கம்பனி அதைக் குத்தகைக்குக் கொடுக்கத் தயார். கொரியாக்காரர் மனதில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று இது, மற்றது கடற்கரைப் பக்கம். இங்கே அரை நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக எழுதியிருந்தார். எங்கள் பணிப்பாளர் நல்ல மனிதர், ஆனால் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தாலே அவருக்கு வியர்க்கும். இந்தத் தடவை கோட்டை விட்டுவிடாதே என்று என்னிடம் ஒரே நாளில் மூன்று முறை சொன்னார்.

இங்கே நான் உங்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வளர்ந்த உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது கம்பனியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் தோட்டத்தைச் சோதிக்க வருவார். நாங்கள் அவரையும் தொரை என்றுதான் சொல்வோம். அவர் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். தண்ணீர் ஓடும் கான்களைச் சுத்தம் செய்வார்கள். லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள், பாதையிலிருந்து தெரியும் பக்கம் மட்டும். வந்த தொரை நடந்து போய்க்கொண்டே ஏதும் குறை உண்டா என்று கேட்பார். வரிசையில் நிற்கும் எல்லோரும் ஒரே குரலில் ஒண்ணும் இல்லைங்க என்பார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. அது மரியாதை. தோட்டத்தை நடத்தும் எங்கள் தொரையை வெளியாள் முன்னால் காட்டிக்கொடுத்தால், வந்த கார் போய்விடும், தோட்டத்துத் தொரை இங்கேயேதான் இருப்பார். எங்கள் வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகும். அப்பாதான் அந்த வரிசையிலேயே சத்தமாக ஒண்ணும் இல்லைங்க என்று சொல்கிறவர்.

கொரியாக்காரர் வருகிறார் என்றதும் நான் யோசிக்கவே இல்லை. அதையேதான் செய்தேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் பிடித்து ரப்பர் தொழிற்சாலைக்கு வெள்ளையடிக்க வைத்தேன். மூன்றாவது உத்தரத்துக்குக் கீழே கூரை ஒழுகியது. ஒழுக்குக்கு வைத்திருந்த வாளிகளை ஸ்டோர் அறைக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். அந்தத் தோட்டத்திலிருந்தும் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களிலிருந்தும் ஐம்பது இளம் பெண்களைத் திரட்டி, நல்ல உடுப்பு உடுத்தி வரச் சொன்னேன். தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை பாடம் நடத்தினேன். சார் என்ன கேட்டாலும் சிரித்த முகமாக ஒரு குறையும் இல்லை என்று சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஐம்பது பேரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அது புதிய பாடம் இல்லையே.

பாடம் முடிந்ததும் ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். செல்வமேரி என்று பெயர். இருபத்திரண்டு வயது, மாதா கோயிலில் சிஸ்டர்மார் நடத்திய வகுப்பில் தையல் பழகியவள். கீழ் லயத்தில் அம்மாவோடும் இரண்டு தம்பிமாரோடும் இருந்தாள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை, பாஸ்போர்ட் ஏஜென்டிடம் இருக்கிறது, இன்னும் இரண்டு மாதத்தில் போவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும் என்றாள். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மாவும் அப்படித்தான் நான்கு வருடம் போயிருந்தாராம். தம்பிமாரை வளர்த்தது இவள். தான் போக விருப்பமில்லை என்று அவள் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சார், இந்த பேக்டரி நெசமா வருமா?"

கட்டாயம் வரும் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. அந்தக் கொரியாக்காரரின் முகத்தைக்கூட நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.

அவர் வந்த நாளில் தூறல். வேனில் அவரும் பணிப்பாளரும் நானும். யுத்த காலம் அது. வழியில் சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையை மட்டும் இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஏன் என்று கொரியாக்காரர் கேட்டார். அட்டையில் இருக்கும் படத்தில் எனக்கு மீசை இல்லை, அதுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் என் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐம்பது வயதிருக்கும், சின்ன உருவம், பேச்சு குறைவு. ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசமாட்டார். வாசலில் நாங்கள் போட்ட மாலையை ஏற்றுக்கொண்டார், கும்பிட்டார், பிறகு நேரே கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டார். பின்பக்கம் வெள்ளையடித்திருக்கவில்லை. முன்னால் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு இன்னும் சரியாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

பெண்கள் நான்கு வரிசையில் நின்றார்கள். இங்கே வேலைக்கு வருவதில் என்ன கஷ்டம் என்று அவர்களிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். ஒண்ணும் இல்லைங்க சார் என்று கூரை அதிரப் பதில் வந்தது. பஸ்? நல்லா வருதுங்க. தண்ணீர்? இருக்குங்க. பணிப்பாளரின் முகம் பூரித்துப் போனது. நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டேன். கொரியாக்காரரின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது.

பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கையுறை தைக்கும்போது ஊசி உடையாத நாளே கிடையாதாம். உடைந்த துண்டு ஒன்று கையுறைக்குள் இருந்துவிட்டால், எங்கோ ஒரு நாட்டில் ஒரு தொழிலாளியின் கையில் அது ஏறும். வாங்குகிறவர்கள் ஏற்றி அனுப்பிய சரக்கு அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஊசி உடைந்த அந்த நிமிடமே மெஷினை நிறுத்தி, கையைத் தூக்கி, உடைந்துவிட்டது என்று சொல்லுகிற ஆட்கள்தான் அவருக்கு வேண்டும்.

"இங்கே எல்லோருக்கும் எல்லாம் நல்லது. இங்கே ஊசி உடைந்தால் எனக்குத் தெரியவராது."

அவ்வளவுதான் சொன்னார். நோட்டுப் புத்தகத்தை மூடி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பணிப்பாளர் பதறிப்போய், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்போம் என்று சொல்லு, மற்ற இடத்தைவிடக் குத்தகை குறைவு என்று சொல்லு என்று சிங்களத்தில் என் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து செல்வமேரி வெளியே வந்தாள்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும். அத அவருக்கு அப்படியே சொல்லுவீங்களா?"

கணக்கப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். பிறகு பேசலாம் என்று நான் கையைக் காட்டினேன். அவள் நகரவில்லை. அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சிங்களத்தில் பேசியிருந்தால் பணிப்பாளருக்கு உடனே விளங்கியிருக்கும், அவர் தடுத்திருப்பார். அவள் தமிழில் சொன்னாள். அந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவன் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மழை பெய்தால் பஸ் கீழ்ப் பாலத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து மலையேறி நடக்க வேண்டும் என்றாள். அந்தியில் திரும்பிப் போகும் கடைசி பஸ் ஐந்தரைக்கே போய்விடும், அதற்குள் வேலை முடிய வேண்டும் என்றாள். மாசி மாதத்தில் ஊற்று வற்றிவிடும். கூரை மூன்றாவது உத்தரத்தில் ஒழுகும், வாளியெல்லாம் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொன்றாக, விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"கொறை ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அதையும் சொல்லுங்க. ஊசி ஒடைஞ்சா சொல்லுவீங்களான்னுதான அவரு கேக்குறாரு? நெசமா கேட்டா நாங்க நெசமா சொல்லுவோம் சார்."

அவளுக்கு ஆங்கிலமும் கொஞ்சம் விளங்குகிறது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். யோசிக்க நேரம் இருக்காது. எல்லோரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண் சொன்னதை, கடுமையாக உழைப்போம் என்கிறாள் என்று நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவளைத் தவிர வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. உண்மையைச் சொன்னால், அந்த ஆங்கில வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்னைத் தடுத்தது நேர்மை என்று பீற்றிக்கொள்ளமாட்டேன். கட்டாயம் வரும் என்று இவளிடம்தானே சொன்னேன் என்ற நினைப்பு வந்தது. இவள் குவைத்துக்குப் போனால் அதில் என் கையும் இருக்கும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், பஸ், ஊற்று, உத்தரம், கடைசியாக நான் நடத்திய பாடம். அந்தக் கடைசிப் பகுதிக்கு வந்தபோது என் ஆங்கிலம் தடுமாறிவிட்டது. பணிப்பாளர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொரியாக்காரர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மூன்றாவது உத்தரம் எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டார்.

எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். வாளிகளையும் பார்த்தோம். அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, இன்னும் சொல்லச் சொன்னார். செல்வமேரிக்குப் பின்னால் மூன்று பேர் வாயைத் திறந்தார்கள். ஒருத்தி, தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அடையாள அட்டை இல்லை, பிறப்பே பதியவில்லை, வேலைக்கு எடுக்கும்போது அதைக் கேட்டால் என்ன செய்வது என்றாள். இன்னொருத்தி கைக்குழந்தையை விட இடம் வேண்டும் என்றாள். மூன்றாவது பெண் கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண். கழிவறைக்குக் கதவு இல்லை என்று பணிப்பாளரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள். அதை ஆங்கிலத்தில் சொல்லும் பொறுப்பு பணிப்பாளர் தலையில் விழுந்தது. அவர் கதவு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக் கையால் காட்டியதும் பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கொரியாக்காரரும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ரெஸ்ட் ஹவுசில் ஏற்பாடு செய்திருந்த பகல் சாப்பாடு ஆறிப்போய், அந்தியில் நாங்கள் வேனில் ஏறினோம்.

திரும்பும் வழியில் கேகாலை மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும்போது, அந்தக் கடைசி விஷயத்தை மட்டுமாவது நீ விட்டிருக்கலாம் என்றார் பணிப்பாளர். விட்டிருக்கலாம் சார் என்றேன். அவர் சிரித்தாரா, இருமினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. வருகிறேன் என்று எழுதியிருந்தார். கூடவே அன்றைக்கு எழுதிக்கொண்டதை எல்லாம் வரிசையாகத் தட்டச்சு செய்து, எதை அவர் திருத்துவார், எதை நாங்கள் திருத்த வேண்டும் என்று எதிரே குறித்திருந்தார். அடுத்த ஒன்றரை மாதம் நான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினேன். பஸ் டிப்போவில் உட்கார்ந்து அவர்கள் சலித்துப்போகும்வரை எழும்பாமல் இருந்தேன். பிறப்புப் பதிவுக்காரரை ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். நாற்பது வயது மனிதர் ஒருவர் தான் பிறந்திருக்கிறேன் என்பதற்கு அன்றைக்குத்தான் கடதாசி வாங்கிக்கொண்டு போனார். என் உத்தியோகத்தில் நான் மிகவும் சந்தோஷமாக வேலை செய்த நாட்கள் அவை. அந்தச் சந்தோஷத்தில் முக்கியமான ஒன்றை மறந்துபோனேன்.

ஆள் எடுக்கும் வேலையைக் கொரியாக்காரர் கொழும்பிலிருந்து அமர்த்திய முகாமையாளர் பார்த்தார். மெஷின்கள் வந்து இறங்கும் நாளில் பெயர்ப் பட்டியலைத் தொழிற்சாலை வாசலில் ஒட்டினார்கள். நான் அதைக் கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல ரசித்துப் படித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் செல்வமேரியின் பெயர் இல்லை என்று தெரிந்தது.

முகாமையாளரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. அடக்கமான பிள்ளைகளாகப் பார்த்து எடுத்திருக்கிறோம், வாயாடிகள் யார் யார் என்று தோட்டத்திலேயே விசாரித்தோம் என்றார். ஆள் எடுப்பது கம்பனியின் விஷயம் என்று ஒரு சிரிப்போடு சேர்த்துச் சொன்னார். அது சரிதான். எங்கள் அலுவலக விதியும் அதுதான். பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். பாவம்தான், ஆனால் நாம் தலையிட முடியாது, இந்த மனிதரோடு இன்னும் எத்தனையோ வருடம் நீ வேலை செய்ய வேண்டும் என்றார். அதுவும் சரிதான். செல்வமேரி ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் மறுநாள் என்று கணக்கப்பிள்ளை சொன்னார்.

கொரியாக்காரர் உள்ளே மெஷின் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார். இருபது அடி தூரம் இருக்கும். அந்த இருபது அடியை நடக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு நான் மற்றவர்களின் குறைகளை மொழிபெயர்த்திருக்கிறேன். கேட்காமலே நானாகப் போய், இங்கே ஒரு பிழை நடந்திருக்கிறது என்று ஒரு முதலாளியிடம் என் வாயால் சொன்னது கிடையாது. என் அப்பாவும் சொன்னது கிடையாது.

போய்ச் சொன்னேன். கூரை ஒழுகுகிறது என்று சொன்ன பெண் பட்டியலில் இல்லை, அவள் பேசியதால்தான் விட்டிருக்கிறார்கள் என்றேன். உன்னை யார் அனுப்பியது என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை என்றேன். அவர் முகாமையாளரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒதுங்கி நின்று பேசினார்கள். முகாமையாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்துப் போய், பட்டியலின் அடியில் செல்வமேரி என்று கையால் எழுதினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழ் லயத்துக்கு வேன் போகாது. செருப்பில் சேறு அப்ப, குறுக்குப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசலில் புதுப் பயணப் பை ஒன்று திறந்து கிடந்தது. அம்மா உடுப்புகளை மடித்து அதில் வைத்துக்கொண்டிருந்தார். செல்வமேரி பக்கத்தில் உட்கார்ந்து பையின் வாரை இன்னும் உறுதியாக இருக்கும்படி தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அம்மா மடித்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். செல்வமேரி சிரித்தாள், கண் கலங்கினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஒரு நன்றியை வாங்கிக்கொள்ளத் தயாராக நான் நின்றேன்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மத்த மூணு பேருக்கும் கேட்டீங்களா சார்?"

எந்த மூன்று பேர் என்றேன்.

"என் பின்னால பேசுனாங்களே. அவங்க பேரையும்தான் எடுக்கல. நீங்க பாக்கலயா?"

நான் பார்க்கவில்லை. இரண்டு தடவை படித்த அதே பட்டியலில் நான் ஒரு பெயரைத்தான் தேடியிருக்கிறேன். அவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடையாள அட்டையைப் பற்றிப் பேசியவள், குழந்தையைப் பற்றிப் பேசியவள், கதவைப் பற்றிப் பேசியவள், அவ்வளவுதான் எனக்கு. நாளைக்குப் பார்க்கலாம், முதலில் நீ ஏஜென்டிடம் வரவில்லை என்று சொல்லிவிடு என்றேன். அவள் தலையாட்டவில்லை.

"அவங்கள விட்டுட்டு நான் மட்டும் போயி மெஷின்ல உக்காந்தா, அங்க இனி யாரு சார் வாயத் தொறப்பா? நீங்க கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் ஏஜென்டுகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவள் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்னை அவசரப்படுத்தியதுபோல இருந்தது.

நான் பெயர்களைக் கேட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. தொழிற்சாலை வாசலுக்கு வந்து சேரும்போது கொரியாக்காரரின் கார் கிளம்பி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. நடுப் பாதையில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டேன். டிரைவர் சிங்களத்தில் ஏதோ திட்டினார். பின் கண்ணாடி இறங்கியது. முகாமையாளர் குடையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெயர் இல்லை சார், நாலு பெயர் என்றேன். நான் ஒன்றைத்தான் சொன்னேன், அது என் பிழை என்றேன். அவர் மழையில் இறங்கி என் முன்னால் வந்து நின்றார். பெயர்களைச் சொல் என்றார். குறுக்குப் பாதை முழுவதும் மறந்துவிடக் கூடாதே என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். லெட்சுமி, புவனேஸ்வரி, சோமாவதி என்று தடுமாறாமல் சொன்னேன்.